நாயும் பூனையும் கற்பித்த உணவியல்

சென்னைக்கு மேற்கே, வில்லிவாக்கத்தைக் கடந்து இருப்புப்பாதை வழியே செல்வோமாயின் அம்பத்தூரும் ஆவடியும் அடுத்தடுத்து வரும். சற்றே தெற்கில் பூந்தமல்லி. ஏரியும் வயலும் தோப்புமாக விளங்கிய இவ்வூர்கள் 1960களில் தொழிலூர்களாக வளர்ந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதன் பின்னர் ஓட்டு வீடுகள் மறைந்தன, கொல்லைகள் சுருங்கின, அடுக்குமாடி வீடுகள் பெருகின. மனிதர் வாழ்க்கை மாறியதை நாம் அனைவரும் அறிவோம். அவர்களோடு வாழ்ந்த நாயின் வாழ்க்கையும் பூனையின் வாழ்க்கையும் மாறியதை நினைப்பவர் சிலரே.

இன்று இவ்வூர்களில் பல இல்லங்களில் நாயும் பூனையும் வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை. வீட்டார் இடுவதை உண்டு, நான்கு சுவர்களுக்குள் வாழ்கின்றன. வீட்டார் சைவராயின் அவையும் சைவமே உண்கின்றன. அண்மைக் காலத்தில், ஊனும் மீனும் மட்டுமன்றிப் பால், தயிர், முட்டை, தேன் முதலியவற்றையும் விலக்கி வாழ்வோர் பெருகி வருகின்றனர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர்களும் இந்நெறிக்கு ‘வீகன்’ என்று பெயரிட்டனர். தமிழில் இதனை ‘நனிசைவம்’ என்று வழங்குகின்றனர். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த திருக்குறள் பிறந்த நாட்டில், வள்ளலார் வாழ்ந்த நாட்டில், இக்கொள்கை புதுமையாகத் தோன்றாது.

ஆயின் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. நாம் மேற்கொண்ட நோன்பை நம் வீட்டு நாயின் மீதும் பூனையின் மீதும் ஏற்றலாமா? ஏற்றினால் அவ்வுயிர்களுக்கு எவ்வெச் சத்துகளைத் தனியே சேர்த்துத் தர வேண்டும்? இவ்வினாவிற்கு இன்றைய அறிவியல் பெரும்பாலும் விடை கூறிவிட்டது. அவ்விடை கிடைத்த வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளைக் கொண்டது. அவ்வரலாற்றில் ஆசிரியராக அமைந்தவையே நாயும் பூனையுந்தாம்.

முதலில் பாரிசுக்குச் செல்வோம். 1816ஆம் ஆண்டு பிரான்சுவா மஜாந்தி என்னும் உடலியல் அறிஞர் ஒரு நாய்க்கு வெள்ளைச் சருக்கரையும் வடித்த நீருமன்றி வேறொன்றும் கொடாமல் வைத்துப் பார்த்தார். முதல் சில நாள்கள் அது ஊக்கத்தோடு இருந்தது. பின்னர் மெலிந்தது. மூன்றாம் வாரத்தில் அதன் விழியின் மேற்படலத்திற் புண் தோன்றியது. ஒரு மாத அளவில் அது இறந்தது. எண்ணெய், பிசின், வெண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோதும் நாய்கள் நலிந்து மடிந்தன. வயிறு நிரம்புவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை உலகம் ஐயமின்றிக் கண்டது அப்பொழுதுதான். ‘புரதம்’ என்னும் கருத்தே அறிவியலில் நிலைபெறாத காலம் அது. ‘வைட்டமின்’ என்னும் சொல் பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது.

1827இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் டீடெமன், குமெலின் என்னும் இருவர் எருதின் பித்தநீரை ஆராய்ந்து அதிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் பின்னர் ‘டாரின்’ என்று பெயர் வழங்கலாயிற்று. அப்பொருளால் உயிர்களுக்கு யாது பயன் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அது வேதியியல் நூல்களில் ஒரு பெயராகவே கிடந்தது. இப்பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் அதற்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி உயிர்ச்சத்துகளின் காலம். அக்காலத்தில் நாய் மனிதனுக்குச் செய்த உதவி அளவிடற்கரியது. முதல் உலகப் போர் முடிவுறும் வேளையில், இலண்டனில் எட்வர்டு மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வெயில் படாமல் அறைக்குள் வைத்து, தானியக் கஞ்சி முதலிய உணவில் வளர்த்தார். அவற்றின் கால் எலும்புகள் வளைந்தன. நகரத்து ஏழைக் குழந்தைகளை வாட்டிய எலும்புமென்மை நோய் அதுவே. காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தபோது குட்டிகள் நலம் பெற்றன. அந்த எண்ணெயிலிருந்த மருந்து வைட்டமின் டி என்பது 1922இல் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் தென்பகுதியில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களைப் பெல்லாகரா என்னும் கொடிய நோய் பற்றியிருந்தது. அதே வகை உணவை உண்ட நாய்களுக்கு நாக்குக் கறுத்துப் புண்ணாயிற்று. 1937இல் கான்ராட் எல்விஜெம் என்னும் அறிஞர் ஈரல் சாற்றிலிருந்து நிக்கோட்டினிக் அமிலத்தைப் பிரித்து அந்நாய்களுக்குக் கொடுத்தார், நோய் அகன்றது. நாயின் நாக்கு ஆற, மனிதரின் நோய்க்கும் மருந்து கிடைத்தது. ஜார்ஜ் விப்பிள் என்பவர் நாய்களின் இரத்தத்தை வடித்துச் சோகையை உண்டாக்கி, எவ்வுணவு இரத்தத்தை விரைவில் மீட்கின்றது என்று ஆராய்ந்தார். ஈரலே முதலிடம் பெற்றது. அந்நாய்களுக்கு உதவியது பெரும்பாலும் ஈரலிலிருந்த இரும்புச்சத்து என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஆயினும் அவ்வழியே சென்ற மைனாட், மர்ஃபி ஆகிய இருவரும் 1926இல் உயிர்போக்கும் சோகை நோய்க்கு ஈரலை மருந்தாக்கினர். மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் மறைந்திருந்த வைட்டமின் பி 12 என்னும் செந்நிறப் படிகத்தை 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் தலைமையில் உணவு ஆராய்ச்சிக் கூடம் நடந்து வந்தது. அங்கே அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கனிகள், சிறிதளவு இறைச்சி என அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை உணவை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. இது நமக்கு வெட்கத்தையும் தந்தது, படிப்பினையையும் தந்தது. அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஈரலிற் காணப்பட்ட மற்றொரு சத்தான ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாக ஆக்கிய குழுவிற்குத் தலைவராக இருந்தார்.

இனி, நம் ஊருக்குத் திரும்புவோம். தமிழகத்துச் சைவ இல்லங்களில் நாய்க்கும் பூனைக்கும் தயிர்ச்சோறும் பாற்சோறும் இடுவது பழைய வழக்கம். அவ்வுணவை உண்டே அவை பல்லாண்டு வாழ்ந்தன என்று பெரியோர் கூறுவர். அவர்கள் கூற்றில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பகலில் தயிர்ச்சோறு உண்ட பூனை இரவில் பரணில் எலியைப் பிடித்தது. சுவரில் பல்லியைப் பிடித்தது. கொல்லையில் ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடித்தது. நாயும் தெருவில் திரிந்து கிடைத்ததைத் தின்றது. வீட்டார் இட்ட உணவில் இல்லாத சத்தை அவை தாமே தேடிக்கொண்டன. அக்காலத்துச் சைவ வீட்டுப் பூனைக்கு இணையுணவாக அமைந்தது எலியே எனலாம். வீட்டார் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை.

அக்கணக்கு தவறினால் நேர்வது யாது என்பதை நான் சிறுவனாக இருந்தபோதே கண்டேன். அம்பத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை வளர்ந்தது. என் அன்னையார் எறும்புப் புற்றை மிதித்தாலும் வருந்தும் இயல்பினர். அப்பூனை ஒருநாள் ஒரு சிட்டுக்குருவியை வாயிற் கவ்வி வந்தது. அன்று அன்னையார் உணவு கொள்ளவில்லை. மறுநாள் முதல் அதனை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தார். மாடி அறை ஒன்றே அதன் உலகமாயிற்று. வேளை தவறாமல் பாலும் சோறும் அன்போடு இட்டார். ஓராண்டிற்கு மேல் கழிந்த பின்னர், அது கதவு நிலையில் முட்டிக்கொள்ளத் தொடங்கியது. பால் கிண்ணம் எதிரிலிருந்தாலும் மோப்பம் பிடித்தே தேடி வந்தது. அதன் கண்மணிகள் வெயிலிலும் அகன்றே இருந்தன. கண்ணுக்கு மருந்திட்டும் பயனில்லை. தாம் முற்பிறப்பில் செய்த வினையே என்று அன்னையார் அழுதார்.

அக்காலத்தையொட்டியே, 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேய்ஸ் என்பவரும் அவர்தம் தோழர்களும் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். கேசீன் என்னும் பாற்புரதத்தை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவை உண்ட பூனைகளின் விழித்திரை சிதைந்தது. அதற்குக் காரணம் அவ்வுணவில் டாரின் இல்லாமையே என்று அவர்கள் கண்டனர். 1827இல் எருதின் பித்தத்திலிருந்து பிரித்த அதே பொருள்! பெரும்பாலான விலங்குகள் வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலில் அவ்வாற்றல் மிகக் குறைவு. அன்றியும், அது தன் பித்தநீருக்காக டாரினை ஓயாது செலவிடுகின்றது. அரிசியிலும் பருப்பிலும் டாரின் இல்லை; பசும்பாலில் மிகச் சிறிதே உண்டு. எலியின் உடலிலும் மீனிலும் நிரம்ப உண்டு. எங்கள் பூனையின் கண் இதனால்தான் கெட்டது என்று மெய்ப்பிக்க இன்று வழியில்லை. ஆயினும் அச்செய்தியை நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் முதன்முதலாகப் படித்தபோது, என் அன்னையாரின் முகமே என் முன் நின்றது. அவருடைய அருளில் குறையில்லை. அருளுக்கு வேண்டிய அறிவு அன்று அவருக்கு எட்டவில்லை.

பூனையின் உடலமைப்பு இதோடு நின்றுவிடவில்லை. முருங்கைக்கீரையிலும் மஞ்சட் பூசணியிலும் உள்ள கரோட்டினை நாமும் நாயும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனையால் அது இயலாது. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை உண்டாலும், சில மணி நேரத்தில் அதன் இரத்தத்தில் அம்மோனியா என்னும் நஞ்சு பெருகும். இதனை மாரிஸ், ரோஜர்ஸ் என்னும் கலிபோர்னிய அறிஞர்கள் 1978இல் நிறுவினர். நல்வாய்ப்பாகப் பருப்பு வகைகளில் ஆர்ஜினின் உண்டு. அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு விலங்குணவிலன்றிப் பயிருணவில் ஏறக்குறைய இல்லை; அதனையும் பூனை போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. 1987இல் பால் பியான் என்பவர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆராய்ச்சியோ உலகையே விழிக்கச் செய்தது. டாரின் குறைந்த பூனைகளின் இதயத் தசை தளர்ந்து, இதயம் செயலிழந்தது. டாரின் கொடுத்தபோது பல பூனைகள் மீண்டன. அவற்றுள் பல, கடையில் விற்ற நல்ல உணவை உண்டவை. அதன் பின்னரே பூனையுணவு செய்வோர் டாரினைப் போதிய அளவு சேர்க்கலாயினர். எனவே இறைச்சி கலந்த உணவிலும் கணக்கு வேண்டும் என்பது தெளிவாயிற்று.

நாயின் நிலை வேறு. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் எச்சிற் சோற்றையே பங்கிட்டு உண்ட உயிர் அது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயினும் நாய்க்குப் பன்மடங்கு மிகுந்திருப்பதை 2013இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் 12 நாய்களுள் ஒரு பகுதிக்கு இறைச்சியில்லாத உணவை 16 வாரம் கொடுத்துப் பார்த்தனர். அவற்றின் இரத்தம் குன்றவில்லை. எனினும் அவ்வுணவு வெறும் சோறன்று. சோயா முதலியவற்றைக் கணக்கிட்டுக் கூட்டிச் செய்த உணவு. 2018இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆட்சித்துறை, பட்டாணி, பயறு முதலியவை மிகுந்த சில உணவுகளை உண்ட நாய்களின் இதயநோயைப் பற்றி ஆராயத் தொடங்கியது. காரணம் இதுவே என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் பயறுகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு என்பதும், டாரினை ஆக்க நாய்க்கு அது வேண்டும் என்பதும் ஐயமற்றவை.

இனி, இணைச்சத்துகளுக்கு வருவோம். 1980களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பீடன் என்பவர், பூனைக்குச் சைவ உணவு சமைப்போர் கலந்து கொடுப்பதற்கென ஒரு சத்துப்பொடியை உருவாக்கினார். அதன் பின்னர்ப் பல நாடுகளில் இத்தகைய பொடிகளும் முழுமையான சைவ உணவுகளும் தோன்றின. இவற்றில் சேர்ப்பவை யாவை? டாரின், மெத்தியோனின், கார்னிட்டின், வைட்டமின் ஏ, பி 12, டி, கால்சியம், துத்தநாகம், அயோடின், பூனைக்கு அராக்கிடோனிக் அமிலம். இவற்றைப் பெறும் வழியை நோக்கினால் வரலாற்றின் ஒரு விந்தை புலப்படும். எருதின் பித்தத்தில் முதலிற் கண்ட டாரின் இன்று ஆலையில், எந்த விலங்கையும் தொடாமல், வேதிப்பொருள்களிலிருந்து ஆக்கப்படுகின்றது. ஈரலில் தேடிய பி 12 இன்று நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறப்படுகின்றது. மீனெண்ணெயில் இருந்த வைட்டமின் ஏ 1947இல் சுவிட்சர்லாந்தில் ஓட்டோ இஸ்லர் என்பவரால் செயற்கையாக ஆக்கப்பட்டது. காட் மீனின் ஈரலில் கண்ட வைட்டமின் டியைப் பாறையில் படரும் கற்பாசியிலிருந்தும் எடுக்கின்றனர். அராக்கிடோனிக் அமிலத்தை ஒருவகைப் பூஞ்சை தருகின்றது. கொல்லாமல் இச்சத்துகளைப் பெறும் வழியை மனிதன் கண்டுவிட்டான்.

ஆயினும் பொடியைத் தூவிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதற்க. பயிருணவு பூனையின் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்கும். அதனால் கற்கள் விளைந்து, சிறப்பாக ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் அடைபடக்கூடும். அது உயிர்க்கு இறுதியாகவும் முடியும். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தை உடல் ஏற்காமல் தடுக்கும். பூனைக்கு வைட்டமின் டி3 பயன்படும் அளவு டி2 பயன்படாது. மனிதருக்கென்று செய்த மாத்திரையை அளவறியாமல் கொடுத்தால் வைட்டமின் டியே நஞ்சாகும். நம் வீட்டுச் சாம்பாரிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இத்தகைய உணவை உண்ணும் விலங்குகளைப் பற்றி 2022இல் 2,536 நாய்களையும், 2023இல் 1,369 பூனைகளையும் குறித்து ஆண்ட்ரு நைட் என்பவரும் பிறரும் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். வீகன் உணவை உண்டவை பிறவற்றினும் நலம் குன்றியிருக்கவில்லை என்பது அவற்றின் முடிவு. ஆனால் அது வளர்ப்போர் கூறிய விடைகளைத் தொகுத்த முடிவேயன்றி, ஒவ்வொரு விலங்கையும் மருத்துவர் சோதித்துக் கண்ட முடிவன்று. எங்கள் பூனையின் பார்வை மங்கத் தொடங்கியபோது யாரேனும் என் அன்னையாரை வினவியிருப்பின், ‘நன்றாகவே இருக்கிறது’ என்றே அவரும் கூறியிருப்பார்.

சட்டம் யாது கூறுகின்றது? ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் இடைவிடாது முயன்றதன் பயனாக, விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960இல் நிறைவேறியது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார். வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவு அளிக்கத் தவறுவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். அவ்வம்மையார் புலால் உண்ணாதவர். எனினும் சட்டம் வளர்ப்பவரின் கொள்கையை வினவவில்லை; விலங்கின் தேவையையே வினவுகின்றது.

மாணவ அன்பர்களே! நாய்க்குச் சைவ உணவு இட விரும்புவோர், கால்நடை மருத்துவரின் துணையோடு, முழுமையாகக் கணக்கிட்ட உணவை இட்டு, ஆண்டுதோறும் இரத்தத்தையும் இதயத்தையும் சோதித்து வரின் அது இயலக்கூடியதே. பூனைக்கு அவ்வழி மிகக் குறுகியது. வெறும் தயிர்ச்சோற்றால் அதனை வளர்க்க முயலுதல் அறமாகாது. அத்தகைய ஏற்பாடு தம்மால் இயலாதென்று அறிந்தவர், பூனைக்கு மீன் இடுவதற்கு நாணவேண்டுவதில்லை. மீனைத் தொடவும் மனம் ஒப்பாதவர் பூனையை ஏற்காமல், முயலோ கிளியோ போலத் தழையும் தானியமும் உண்ணும் உயிருக்கு அடைக்கலம் தரலாமா என்று சிலர் வினவுவர். நம் நாட்டுக் கிளியினங்களைக் கூண்டிலடைத்தல் சட்டப்படி குற்றம். ஆதலின் முயலே தக்கது.

மஜாந்தியின் நாயும், மெல்லன்பியின் குட்டிகளும், ஹார்வர்டின் பூனைகளும் தாம் விரும்பி நமக்கு ஆசிரியராகவில்லை. அவை தந்த அறிவால் நம் குழந்தைகளின் கால்கள் நேராயின. நம் தாய்மாரின் இரத்தம் ஊறியது. அவ்வறிவை அவற்றின் இனத்திற்கே பயன்படுமாறு திருப்பித் தருவது நம் கடன். உங்கள் வீட்டுப் பூனை இன்றிரவு உங்கள் காலடியில் வந்து நிற்கும்போது, அதன் கிண்ணத்தில் இருப்பது உங்கள் மனத்திற்கு உகந்ததா என்று மட்டும் பாராதீர்கள். அதன் கண்ணுக்கும் இதயத்திற்கும் போதுமா என்றும் பாருங்கள்.